அமிர்தியில் எடுத்த படம்

அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள், இயற்கைக் கழக மாணவியராகிய நாங்கள் பதினான்கு பேர் ஒரே ஒரு கேமராவுடன் அமிர்திக்குப் புறப்பட்டோம். வழியில் வேலூர் கண்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் சிறிது நேரம் நின்றோம். விழுப்புரம்–காட்பாடி இருப்புப்பாதை முன்பு மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு இடையே 1 மீட்டர்தான். 2010-இல் அது 1.676 மீட்டர் அகலப் பாதையாயிற்று. "சிறுமியாக இருந்தபோது அந்தச் சின்ன ரயிலில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒரு படம்கூட என்னிடம் இல்லை" என்றார் எங்கள் சிஸ்டர்.

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ளது 1967-இல் தொடங்கிய அமிர்தி உயிரியல் பூங்கா. அங்கே புள்ளிமான்கள் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பொறுமையிழந்த நாங்கள் வேலி வழியே பிஸ்கட்டை நீட்டினோம். மான் வந்தது, படமும் அழகாக விழுந்தது. அதற்குள் காவலர் ஓடிவந்து, "வேண்டாம் பிள்ளைகளே, மானுக்கு வயிறு கெட்டுவிடும்" என்றார். வெட்கித் தலைகுனிந்தோம். சிஸ்டர் ஒன்றும் கூறவில்லை. அதுவே எங்களைச் சுட்டது. அந்தப் படத்தை நாங்களே அழித்துவிட்டோம்.

பின்னர் மரநிழலில் ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தோம். கிடைத்தது ஒரு மானின் முதுகும் ஒரு காதும்தான். ஆயினும் அது ஆசை காட்டிப் பெற்ற படம் அன்று.

திரும்பும் வழியில், நிலையத்தின் பெயர்ப்பலகை அருகே சிஸ்டரை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தோம். போன ரயில் திரும்பாது. அதில் போனவர் முகமாவது எங்களிடம் இருக்கிறது.