நதிப் பெயர் விடுதிகளில் ஒரு மே மாதம்

தேர்வு முடிஞ்சது. பெட்டிகளை உருட்டிக்கிட்டு மாணவர்கள் ஊருக்குக் கிளம்பிட்டாங்க.

ஆனா சென்னை ஐஐடி வளாகம் காலியாகல.

1959-இல் தொடங்கிய நிறுவனம். கிண்டிக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த ஏறக்குறைய 250 ஹெக்டேர் நிலம். அதனாலதான் வெளியே சர்தார் படேல் சாலையில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போது, உள்ளே ஆலமர நிழலில் புள்ளிமான்கள் அசைபோட்டுக்கிட்டு இருக்கு. வெளிமானும் இங்கே உண்டு. ஒரு பெருநகரக் கல்வி வளாகத்தில் இது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

காவேரி, கோதாவரி, நர்மதா, சராவதி... விடுதிகளுக்கெல்லாம் நதிப் பெயர். அங்கே பிஎச்டி ஆய்வாளர்கள் தங்கிடுறாங்க. பாதியில் நிற்கும் பரிசோதனைக்குக் கோடை விடுமுறை தெரியாதே.

கூடவே, இரண்டு மாதக் கோடைகால ஆய்வுப் பயிற்சிக்கு வெளிக் கல்லூரி மாணவர்கள் வர்றாங்க. பலருக்கு, பாடப்புத்தகத்தில் படமா மட்டும் பார்த்த கருவியைத் தொட்டு இயக்குறது இதுதான் முதல் தடவை. அந்தக் கண்களில் தெரியும் பரவசத்தைப் பார்க்கணும்!

இவங்களுக்காக மே மாத வெக்கையில் மெஸ் அடுப்படியில் நிற்கிறவங்க, விடியும் முன்னே சருகு கூட்டுறவங்க, இரவெல்லாம் கண்விழிக்கும் காவலாளிகள்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் இவங்களுக்கும் ஒரு வரி எழுதலாமே?