மீனின் வாய்க்கேற்ற முடிச்சு

லண்டனுக்கு வடமேற்கே, கோல்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வரிசையாகக் கிடக்கும் ஏரிகளில் பெரும்பாலானவை மனிதர் தோண்டியவை. கட்டடங்களுக்காகச் சரளைக்கல் அள்ளிய குழிகளில் நீர் ஊறி ஏரிகளாயின. இன்று அவற்றில் பெருங்கெண்டைகள் திரிகின்றன. அந்தப் பக்கத்தில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம், ரிக் கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் போயிருந்தேன்.

ரிக் என்பது தூண்டில் நரம்பின் கடைசி இரண்டு மூன்று அடி. ஈயக்குண்டு, ஸ்விவல் என்னும் சுழல் இணைப்பு, குட்டை நரம்பு, முள், இரை எல்லாம் அதற்குள் அடக்கம். கடைச் சுவர் முழுக்கப் பொட்டலங்கள் தொங்கின. புதிதாக வருபவருக்கு எதைத் தொடுவது என்றே தெரியாது. அவர் ஒன்றையும் எடுத்துக் காட்டவில்லை. மீனின் வாயைப் பற்றித்தான் முதலில் பேசினார்.

கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது. அரைக்கும் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. அடிமண்ணில் வாயை வைத்து நீரோடு சேர்த்து உறிஞ்சும். வேண்டியதை நிறுத்திக்கொண்டு கல்லையும் குப்பையையும் துப்பிவிடும். இரைக்குள் முள் இருந்தால் அதன் கனமும் விறைப்பும் உறைத்து, அதையும் துப்பிவிடும்.

1952-இல் ரிச்சர்ட் வாக்கர் என்ற தூண்டில்காரர் ஹெர்ஃபோர்ட்ஷயரின் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தபோது, அவர் முள்ளில் இருந்தது வெறும் ரொட்டிதான். ஆனால் பிடித்துப் பிடித்து விடப்படும் ஏரிகளில் மீன்கள் உஷாராகிவிட்டன. லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இரு தூண்டில்காரர்கள் தொட்டியில் கெண்டைகள் இரையெடுப்பதைக் கூர்ந்து கவனித்து, இரையை முள்ளிலிருந்தே விலக்கினார்கள். முள்ளில் ஒரு தலைமுடியைக் கட்டி, அதன் நுனியில் இரையைத் தொங்கவிட்டார்கள். உறிஞ்சும்போது இரை லேசாக உள்ளே போகிறது. வெறும் முள்ளும் கூடவே போகிறது. 1981-இல் வந்த 'கார்ப் ஃபீவர்' நூலில் மேடக்ஸ் இதை எழுதினார். ஹேர் ரிக் என்ற பெயர் அந்த முடியிலிருந்து வந்ததுதான். தூண்டில் வரலாற்றில் இதைவிட எளிமையான, இதைவிட ஆழமான மாற்றம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது முடிக்குப் பதில் பின்னிய நூல். ஒரு சாண் நீளத்துக்குச் சற்று அதிகமாக வெட்டி, நுனியில் சின்னக் கண்ணி போட்டார் கடைக்காரர். முட்டை, ரவை, மீன்தூள் பிசைந்து உருட்டி வேகவைத்த உருண்டை, பாய்லி, அதுதான் இரை. சின்ன மீன்கள் கொத்திக் கரைக்க முடியாதபடி கெட்டியாக இருக்கும். அதை ஊசியால் கோத்து, கண்ணியில் சிறு தடையைச் செருகினார். நூலின் மறுமுனையை முள்ளின் காதுக்குள் பின்பக்கமாக நுழைத்து, உருண்டை முள்வளைவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி அளந்துகொண்டார். பிறகு தண்டைச் சுற்றி ஏழெட்டுச் சுற்று; மறுபடியும் அதே காதின் பின்பக்கமாக நுழைத்து இழுத்தார். தையற்காரர் பொத்தான் காம்பைச் சுற்றுவதுபோல ஒரே ஓட்டத்தில் விரல்கள் போய் வந்தன. கட்டிய ரிக்கைத் தன் உள்ளங்கையின் மேல் மெதுவாக இழுத்தார். முள் தானாகப் புரண்டு, முனை கீழ்நோக்கித் தோலைத் தொட்டது. "மீனின் உதட்டிலும் இப்படித்தான் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்," என்றார்.

மற்ற வேலையை ஈயக்குண்டு செய்கிறது. எழுபது, எண்பது கிராம் எடை. இரையோடு தலை தூக்கும் மீன் முனை குத்தியதும் மிரண்டு ஓடும். குண்டின் கனமே முள்ளை ஆழ இறக்கிவிடும். கரையில் நிற்பவர் கோலை வெட்டி இழுக்க வேண்டியதில்லை. மணியடிக்கும் கருவி கூப்பிட்டதும் எடுத்தால் போதும்.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது இதையல்ல. பிறகு ஏரிக்கரையில், காவலர் வந்து ஒவ்வொருவர் ரிக்கையும் சோதித்ததை. நரம்பு அறுந்தால் மீன் அந்தக் குண்டை இழுத்துக்கொண்டே திரியும்; பாசியிலோ வேரிலோ சிக்கினால் அங்கேயே சாகும். அதனால் குண்டு ஒரு பிளாஸ்டிக் கவ்வியில் மாட்டப்பட்டிருக்கும்; அதன் வாலில் ரப்பர் உறை. இழுப்பு கூடினால் உறை நழுவி, குண்டு கழன்று விழ வேண்டும். காவலர் குண்டைப் பிடித்து இழுத்தார். ஓர் இளைஞர் ரப்பரை இறுக்கி ஏற்றியிருந்ததால் அது கழலவில்லை. கோலைச் சுருட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து உறையைத் தளர்த்திக் காட்டினார். நனைந்த பாய் இருக்கிறதா என்றும் கேட்டார். பிடித்த மீனை வெறுந்தரையில் கிடத்த அங்கே யாருக்கும் அனுமதி இல்லை.

புதிதாக வருபவர்கள் எந்த ரிக்கில் அதிக மீன் விழும் என்றுதான் கேட்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். அவர் முதலில் கற்றுக்கொடுப்பது குண்டு கழலும் விதத்தை. முடிச்சு அதற்குப் பிறகுதான். அந்த வரிசை சரி என்றே நினைக்கிறேன். மீனைத் திரும்ப நீரில் விடுவதாகச் சொல்லிப் பிடிப்பவர், கைதவறிப் போகும் மீனுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.