போனது எது, போகாதது எது

எங்கள் கல்லூரியில் மென்திறன் என்று ஒரு வகுப்பு உண்டு. போன செமஸ்டரில் அதில் 'படைப்பூக்கத்தோடு பிரச்சினைகளைத் தீர்ப்பது எப்படி' என்று ஒரு பாடம். போர்டில் 9 புள்ளி வைத்து, பேனாவை எடுக்காமல் 4 கோட்டில் எல்லாவற்றையும் இணைக்கச் சொன்னார்கள். கோட்டைப் புள்ளிகளுக்கு வெளியே நீட்டினால் வந்துவிடும். நானும் கை தட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் வந்து யாரும் 9 புள்ளியை இணைத்துத் தா என்று கேட்கவில்லை.

எங்கள் வீட்டுப் பிரச்சினை வேறு. என் அப்பா மாமல்லபுரத்தில் போட்டோ எடுப்பவர். கடற்கரைக் கோயில் பக்கம் கழுத்தில் கேமராவும் கையில் மாதிரி ஆல்பமுமாக, "சார், ஒரு போட்டோ சார்" என்று பின்னாலேயே வருவார்களே, அவர்களில் ஒருவர். நீங்கள் சுற்றுலா வந்தபோது என் அப்பாவை விரட்டிக்கூட விட்டிருக்கலாம் :-)

ஃபிலிம் ரோல் காலத்தில் அட்ரஸ் வாங்கிக்கொண்டு போட்டோவைத் தபாலில் அனுப்புவாராம். பிறகு கடன் வாங்கிக் குட்டி பிரிண்டர் ஒன்று வாங்கினார். பத்து நிமிடத்தில் படம் கையில். அதில்தான் நான் பள்ளிக்கூடம் படித்தேன். அப்புறம் எல்லார் பையிலும் கேமராவோடு செல்போன் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிண்டர் கடன் தீரவில்லை, பிரிண்டருக்கு வேலை தீர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் நான் வடநெம்மேலிக்குப் போக வேண்டியிருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை நோக்கிப் போனால் வரும் முதலைப் பண்ணை இருக்கும் ஊர். எட்டாவது படிக்கும்போது பள்ளியில் கூட்டிப் போனார்கள். முதலை எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை, எல்லாம் செத்த மாதிரி கிடந்தன. ஞாபகம் இருப்பது அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கும் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டியவை. ஒரு பெரியவர் பானையைத் திறந்து, வீட்டில் அரிசி எடுக்கிற மாதிரி சாவகாசமாக ஒரு கண்ணாடி விரியனை எடுத்தார். தலையைப் பிடித்து, மெல்லிய தோல் கட்டிய கண்ணாடிக் குப்பியைக் கடிக்க வைத்தார். மஞ்சளாக நாலு சொட்டு. அவ்வளவுதான்.

அந்த நாலு சொட்டின் கதையை வெகுநாள் கழித்துத்தான் தேடிப் படித்தேன். செங்கல்பட்டு வட்டார இருளர்களில் பலருக்கு ஒரு காலத்தில் பாம்புத் தோல்தான் வருமானம். பிடிப்பார்கள், தோலை வியாபாரியிடம் விற்பார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. சட்டம் சரிதான், பாம்பு பிழைக்க வேண்டும். ஆனால் நேற்றுவரை தொழிலாக இருந்தது இன்றைக்குக் குற்றம் என்றால், நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி?

1978-ல் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணையாக நின்றார். வழி என்னவென்றால், பாம்பைப் பிடிப்பது அப்படியே இருக்கும், கொல்வது மட்டும் கிடையாது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் பிடிப்பது, மூன்று நான்கு வாரம் பானையில் வைத்திருந்து சில தடவை விஷம் எடுப்பது, பிறகு காட்டில் விட்டுவிடுவது. விடுவதற்கு முன் வயிற்றுச் செதிலில் சின்னதாக ஓர் அடையாளம் வெட்டுவார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி மாட்டினால் தெரிய வேண்டுமே. விஷத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, மருந்து தயாரிப்பவர்களுக்கு விற்கிறார்கள். அவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். வயலில் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படுபவரைக் காப்பாற்றுவது அதுதான்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், யாரும் அவர்களை உட்காரவைத்துக் கூடை முடையவோ தையல் மிஷின் ஓட்டவோ கற்றுக்கொடுக்கவில்லை. போனது தோல் சந்தை மட்டும்தான். புற்றைப் பார்த்ததும் உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் கண்ணும், மண்ணில் ஊர்ந்த தடமும் உரித்த சட்டையும் பார்த்துப் பின்தொடரும் அறிவும் போகவில்லை. அந்த அறிவு எங்கே வரை போகும் என்பதற்கு ஒரு சாட்சி: 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகிக் கிடந்தது, கண்டுபிடிக்க முடியவில்லை. இவர்கள் போய் முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. (எங்கள் மென்திறன் வகுப்பில் ஆப்பிள் கம்பெனி கதை மூன்று தடவை வந்தது. முப்பது கிலோமீட்டரில் இருக்கும் இந்தக் கதை ஒரு தடவைகூட வரவில்லை.)

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இது தனியொருவர் மூளையில் பல்பு எரிந்த கதை இல்லை. சங்கம் வேண்டியிருந்தது, அரசு அனுமதி வேண்டியிருந்தது, கூட நிற்க ஆள் வேண்டியிருந்தது. இன்றைக்கும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பது வனத்துறை தரும் தாளில்தான் இருக்கிறது. "நன்றாக யோசித்தால் எதற்கும் வழி உண்டு" என்று சொல்கிறவர்கள் இந்தத் தாளை மறந்துவிடுகிறார்கள்.

சரி, அப்பாவிடம் வருகிறேன். ஒரு ராத்திரி ரஃப் நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் 'போனது', மறுபக்கம் 'போகாதது' என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். "இன்னா பாப்பா, எனக்கே பரீட்சையா?" என்றார். 'போனது' பக்கம் ஒரே வரியில் முடிந்தது: பிரிண்ட் விற்பது. 'போகாதது' பக்கத்தை நிரப்ப ஒரு மணி நேரம் ஆனது. எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு எந்தப் பாறையில் வெளிச்சம் விழும் என்பது. அழுகிற குழந்தையைச் சிரிக்க வைப்பது. இந்தி, வங்காளம், தெலுங்கில் தலா பத்து வாக்கியம். சண்டை போட்டுக்கொண்டு வரும் புருஷன் பெண்டாட்டியைத் தோளோடு தோள் நிற்க வைப்பது. இதையெல்லாம் தொழில் என்றே அவர் நினைத்திருக்கவில்லை.

உடனே பலித்துவிட்டதா என்றால், இல்லை. முதல் யோசனை என்னுடையது: போட்டோவை சாவிக்கொத்தில் போட்டு விற்பது. 50 சாவிக்கொத்து வாங்கினோம். 41 இன்னும் வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன்.

இரண்டாவது யோசனை அர்ஜுனன் தபசு முன்னால் வந்தது. (அர்ஜுனனா பகீரதனா என்ற சண்டை பெரியவர்களுக்கு. எனக்குப் பிடித்தது அங்கே தவம் செய்யும் பூனை.) அந்தப் பெரிய பாறையின் நடுவே மேலிருந்து கீழ்வரை இயற்கையாகவே ஒரு பிளவு. சிற்பம் செதுக்கக் கல் தேடுகிறவன் கண்ணில் அது குறை. பல்லவச் சிற்பிகள் அதை அடைக்கவில்லை. அந்தப் பிளவையே இறங்கி வரும் கங்கை ஆக்கி, உள்ளே நாகங்களைச் செதுக்கி, யானையிலிருந்து தேவர்கள்வரை எல்லோரையும் அதைப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். எத்தனையோ தடவை பார்த்த பாறைதான். அன்று அதன் முன்னால் ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். அப்பா மட்டும் படத்தில் இல்லை, அவர்தானே போனைப் பிடித்திருக்கிறார்!

எல்லார் கையிலும் போன் இருப்பதுதானே எங்கள் பிளவு. அந்தப் போனிலேயே எடுத்துக்கொடுத்தால் என்ன என்றேன்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "அவங்க போன்ல நான் எடுக்கறதா? அப்ப நான் யாரு, போற வர்ற ஆளா?" இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் அவருடைய வருமானத்தை மட்டும் கணக்குப் போட்டிருந்தேன். கழுத்தில் தொங்குவது அவருடைய மரியாதை என்பது என் நோட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலேயே, ஒரு கல்கத்தா குடும்பத்தோடு அவராகப் போய்விட்டு வந்தார். இப்போது காலை 6 மணிக்குக் கடற்கரைக் கோயிலில் தொடங்கி, வெயில் ஏறும் முன் ஐந்து இடம். கிழக்கு பார்த்த பாறை என்பதால் அர்ஜுனன் தபசுக்குக் காலை வெளிச்சம்தான் சரி என்கிறார். எல்லோரும் படத்தில் இருப்பார்கள், அவரவர் போனிலேயே. ஒரு குடும்பத்துக்கு 300 ரூபாய். சனி ஞாயிறில் மூன்று குடும்பம் வரும், செவ்வாய் புதனில் ஒருவரும் வராத நாளும் உண்டு. பிரிண்டர் கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி.

பழைய கேமராவை விற்றுவிடலாமே, ஒரு தவணையாவது கட்டலாமே என்று கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் என்கிறார். "இது கழுத்துல இல்லன்னா, முன்னப்பின்ன தெரியாதவன் கையில எவன் பாப்பா போனக் குடுப்பான்?"