தரங்கம்பாடியில் இரண்டு கோயில்கள்

மாயவரம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் மயிலாடுதுறையிலிருந்து கடற்கரையை நோக்கிச் சுமார் 30 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் தரங்கம்பாடி வந்து விடுகிறது. 1792-ஆம் ஆண்டில் எழுப்பிய வெண்ணிற நகர வாயிலைத் தாண்டியதும் ராஜ வீதி கடலை நோக்கி நேராகச் செல்கிறது. அதன் முடிவில் அலைகள் முழங்குகின்றன. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் 1620-ல் ஏற்படுத்திய டான்ஸ்போர்க் கோட்டை அங்கே நிற்கிறது.

கோட்டையைப் பார்த்து விட்டுத் திரும்பி விடுகிறவர்கள் பலர். கிறிஸ்தவ சமயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கோ, அந்த வீதியிலுள்ள இரண்டு கோயில்களே அதைவிட முக்கியமாகத் தோன்றின. ஒன்று, 1701-ல் டேனிஷ்காரர்கள் தங்களுக்கென்று ஏற்படுத்திய சீயோன் ஆலயம். மற்றொன்று, சீகன்பால்கு பாதிரியார் 1718-ல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம். சீயோன் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. எருசலேம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. வேதம் ஒன்று, பாஷை ஒன்று, வீதியும் ஒன்று. சபை மட்டும் இரண்டு!

இந்த ஊரின் சரித்திரத்தில் சண்டைக்குக் குறைவில்லை. 1706-ல் இங்கே கப்பலிலிருந்து இறங்கிய சீகன்பால்குவை இரண்டே வருஷத்தில் சிறையில் அடைத்தவன் அந்நிய மதத்தான் அல்ல. அவரைப் போலவே லுத்தரன் சபையைச் சேர்ந்த டேனிஷ் அதிகாரிதான். நான்கு மாதம் அவர் சிறையில் இருந்தார். பிற்காலத்தில் வீரமாமுனிவர், கத்தோலிக்க சமயத்தின் சார்பில், தரங்கம்பாடி லுத்தரன்களைக் கண்டித்துத் தமிழில் நூல்களே எழுதினார். வாதம் மிகவும் காரமானதாகவே இருந்தது.

ஆனால் அதே ஊரின் அச்சுக்கூடம் வேறொரு கதையைச் சொல்கிறது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட லுத்தரன் பாதிரிமாருக்கு யந்திரம் அனுப்பி உதவியது லண்டனிலிருந்த ஓர் ஆங்கிலிக்கன் சங்கம். அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-ல் அச்சேறியது எங்கே? அவர் கண்டித்தாரே, அந்தத் தரங்கம்பாடி லுத்தரன்களின் அச்சுக்கூடத்தில்தான்! அவருடைய கொள்கையை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய புலமையைப் புறக்கணிக்கவும் இல்லை. மாற்றுச் சபையாரை மதிப்பது என்றால் என்னவென்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

1919-ஆம் ஆண்டு மே மாதத்தில் வேறு சிலர் இவ்வூரில் கூடினார்கள். தோர்ணக்கல் அத்தியட்சர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும், வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த ஊழியர்களுமாக 33 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். “இந்தப் பிரிவினைகளை நாம் உண்டாக்கவில்லை, மேல்நாட்டிலிருந்து வந்தவற்றை நாம் ஏன் என்றென்றும் சுமக்க வேண்டும்?” என்ற கருத்துப்பட அவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பேச்சு 28 வருஷம் நடந்தது. 1947 செப்டம்பர் 27-ந் தேதி, நாடு விடுதலை பெற்ற ஆறே வாரங்களில், சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் அதில் ஒன்று சேர்ந்தார்கள். அதைக் காண அசரியா உயிரோடில்லை. 1945-ல் காலமாகி விட்டார். அறிக்கை பிறந்த ஊரிலோ, லுத்தரன் சபை அந்த ஐக்கியத்தில் சேராமையால், இரண்டு கோயில்களும் இன்னும் இரு சபைகளாகவே இருக்கின்றன.

ராஜ வீதியில் நடந்தபோது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று: நாம் ஏன் இந்தச் சபையில் இருக்கிறோம்? முத்துக்குளித்துறையில் பிறந்தவர் கத்தோலிக்கர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர் ஆங்கிலிக்கன். நாகர்கோயிலில் லண்டன் மிஷன். மதுரையில் அமெரிக்கன் மிஷன். நம்மில் பலருடைய சபையைத் தீர்மானித்தது வேத ஆராய்ச்சி அன்று. பாட்டனாரின் ஊருக்கு எந்தப் பாதிரியார் முதலில் வந்தார் என்பதுதான். இதனால் நம் விசுவாசம் பொய்யாகி விடாது. ஆனால் அண்டை வீட்டுக்காரர் மாதா கோயிலுக்குப் போகிறார் என்று முகம் சுளிப்பதற்கும், வேறு சபை என்பதற்காக நல்ல சம்பந்தத்தைத் தட்டிக் கழிப்பதற்கும் நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

பாட்டனாரிடமிருந்து வந்த விசுவாசத்தை ஒவ்வொருவரும் சோதித்துப் பார்த்துத் தமதாக்கிக் கொள்ள வேண்டும். எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்று தெரிந்தவனுக்குப் பிறருடைய நம்பிக்கையைக் கண்டு அச்சமும் இராது, இளக்காரமும் இராது. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. பல சமயங்கள் வாழும் இத்தேசத்தில் எல்லாருக்கும் வேண்டியதே.

தரங்கம்பாடிக்குச் செல்லும் நேயர்கள் இரண்டு கோயில்களுக்கும் அவசியம் போய் வாருங்கள். எருசலேம் ஆலயத்தினுள் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 36 வயதில் காலமான அந்த மனிதருக்கு, எந்தச் சபையினராயினும், எந்தச் சமயத்தினராயினும், தமிழ் படிக்கும் நாம் ஒரு நிமிஷம் மௌனமாக நின்று மரியாதை செலுத்தலாம்.