பழவேற்காட்டுக் கைலியும் கோலாலம்பூர்த் தறியும்

நம் மூவார் பட்டணத்தில் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்குப் போகும் மலாய்க்காரப் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் கட்டம் போட்ட கைலி. அதே கட்டம் போட்ட கைலியைத்தான் நம் தோட்டத்துத் தாத்தாவும் மாலையில் குளித்துவிட்டுக் கட்டிக்கொண்டு லயத்து வாசலில் உட்காருவார். நாம் அதைக் கைலி என்கிறோம். அவர்கள் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். அந்தப் 'பெலிக்காட்' என்ன தெரியுமா? சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் ஏரிக்கரையில் இருக்கும் நம் பழவேற்காடுதான்!

ஊர்ப் பெயரே துணிக்குப் பெயராகிவிட்டது. 1613-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது மிளகு, கிராம்பு, ஜாதிக்காய். அவை விளைந்த தீவுகளில் வெள்ளிக்காசைவிடத் தமிழ்க்கரைத் துணிக்கு மதிப்பு அதிகம். ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைச் சரக்கை ஏற்றிக்கொண்டார்கள். 1641-இல் மலாக்காவையும் பிடித்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே, மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே, நம் வணிகர்கள் அதே துணியை அங்கே இறக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். மலாக்காவோ நமக்குப் பக்கத்து ஊர். ஆக, பால்மரத்துக்காக நம் பாட்டன் கப்பலேறுவதற்கு முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அவன் ஊர் நெசவாளி நெய்த துணி இந்தக் கரைக்கு வந்துவிட்டது. நம்மை 'நேற்று வந்தவர்கள்' என்று யாராவது சொன்னால் கைலியைக் காட்டுங்கள்!

இந்தக் கதையெல்லாம் கண்ணால் பார்க்க ஓர் இடம் உண்டு. கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்துக்கு அருகில், ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில் இருக்கும் தேசிய ஜவுளி அருங்காட்சியகம். 2010 ஜனவரியில் திறந்தார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஒருநாள் போய்வரலாம்.

மூவாரில் இன்று ரயில் கிடையாது, பேருந்துதான். காலையிலேயே ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் தலைநகரின் தெற்குப் பேருந்து முனையத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து எல்.ஆர்.டி. பிடித்து மஸ்ஜிட் ஜாமேக் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரந்தான். வெயிலுக்கு முன் போய்ச் சேருங்கள். நெசவுச் செய்முறை, பாத்திக் வகுப்பு போன்றவை எல்லா நாளும் நடப்பதில்லை. எந்த நாளில் என்ன, எத்தனை மணிக்குத் திறப்பு என்பதை முன்னதாகவே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

உள்ளே போகுமுன் கட்டடத்தை ஒரு நிமிடம் பாருங்கள். சிவப்புச் செங்கல்லும் வெள்ளைச் சாந்தும் மாறி மாறிப் பட்டை பட்டையாக, தலையில் குவிமாடங்களோடு இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் இது ரயில்வேயின் தலைமை அலுவலகம். ரயில் பாதைக்குக் கல் சுமந்தவர்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் பெருந்தொகை. கணக்கு எழுதியவர்களில் யாழ்ப்பாணத்துக் கிராணிமார் பலர். அந்தக் கணக்கெல்லாம் போய்ச் சேர்ந்த கட்டடத்துக்குள் இன்று நூலும் தறியும் இருக்கின்றன.

நான்கு கூடங்கள். முதல் கூடத்தில் நூற்பது, சாயம் போடுவது, நெய்வது என்று கருவிகள். பிள்ளைகளை இங்கேதான் நீண்ட நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். பாவு என்றால் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல், ஊடு என்றால் குறுக்கே ஓடும் நூல். இந்த இரண்டும் புரிந்துவிட்டால் உலகத்துத் துணியெல்லாம் புரிந்துவிடும்.

மலாய்க்காரர்களின் சொங்கெட்டைப் பாருங்கள். திருமணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ராஜா ராணிபோல் உட்காரும்போது தகதகவென்று மின்னுமே, அதுதான். பட்டு ஊடு ஒன்று ஓடும். அதோடு பொன்னிழை ஒன்று தனியாக, பூ விழவேண்டிய இடத்தில் மட்டும் பாவுக்கு மேலே ஏறி இறங்கும். காஞ்சிபுரம் நெசவாளி இதைப் பார்த்தால் 'நம்ம புட்டாதானே!' என்பார். நூலை எண்ணி எண்ணித் தூக்க வேண்டும். ஓர் இழை தவறினால் பூ கோணிவிடும். நல்ல சொங்கெட் ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. திரெங்கானு, கிளந்தான் பக்கத்துப் பெண்கள் பலர் இதை வீட்டில் தறி போட்டே நெய்தார்கள். 2021-இல் ஐ.நா.வின் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

சரவாக்கின் ஈபான் பெண்கள் நெய்யும் புவா கும்புதான் என் மனதில் அதிகம் நின்றது. நெய்த பிறகு சாயம் போடுவதில்லை. பாவு நூலை முதலிலேயே இடையிடையே நாரால் இறுகக் கட்டி, சாயத்தில் முக்கி, அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி முக்கி, உருவம் முழுதும் நூலிலேயே வந்த பிறகுதான் தறிக்கு ஏற்றுகிறார்கள். சிவப்புக்கு மெங்கூடு மரத்தின் வேர். நம் ஊர் நுணா அதற்கு நெருங்கிய இனம். சாயம் நூலில் பிடிக்கச் செய்யும் சடங்கை 'பெண்களின் போர்' என்பார்களாம். ஆண்கள் போருக்குப் போய்ப் பெற்ற பெருமையை இவர்கள் வீட்டிலிருந்தபடி நூலில் பெற்றார்கள். அக்காமார்களே, நீங்கள் சமைத்துத் துவைத்துப் பால்வெட்டுக்கும் போன கைகளுக்கு அந்தப் பெருமையை யார் கொடுத்தார்கள் என்று எனக்கு அங்கே நிற்கும்போது தோன்றியது.

பாத்திக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமைகளில் அரசாங்க ஊழியர்கள் அணிவதைப் பார்த்துப் பழகியவர்கள்தாமே நாம். உருக்கிய மெழுகைச் சாந்திங் என்ற சிறு குழாய்க் கருவியில் எடுத்துக் கோடு வரைந்து, நடுவில் வண்ணம் தீட்டி, பிறகு மெழுகைக் கொதிநீரில் கழற்றிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது இதுதான். கையில் மெழுகு சுடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெலாங்கி என்று ஒரு கூடம். வானவில் என்று பொருள். துணியை முடிந்து முடிந்து சாயம் போடும் ஒரு வகைக்கும் மலாயில் அதே பெயர். மதுரைச் சுங்குடிச் சேலையை அறிந்தவர்களுக்கு இது சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது மாதிரி. குஜராத்தின் பட்டோலாப் பட்டு இங்கே 'சிண்டாய்' என்ற பெயரில் அரச வீடுகளுக்குள் போயிற்று. நம் பாட்டிமார்கள் சொல்லும் 'சீட்டித் துணி'யும் மலாய்க்காரர்களின் 'காயின் சீத்தா'வும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். துணியோடு சொல்லும் கப்பலேறியிருக்கிறது.

இத்தனை துணி நெய்த தமிழ்க்கரை நெசவாளிக்குப் பிறகு என்ன ஆயிற்று? அதற்குக் கோலாலம்பூரை விட்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். மான்செஸ்டர் நகருக்கு அருகே ஸ்டையல் என்ற சிற்றூரில் குவாரி பேங்க் என்றொரு பஞ்சாலை. 1784-இல் கட்டியது. இன்று அருங்காட்சியகம். ஆற்று நீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் இயந்திரத்தைச் சுற்றியது. அநாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் கொண்டுவந்து ஒரு வீட்டில் தங்கவைத்து ஆலையில் வேலை வாங்கினார்கள். அம்மாவோடு இருட்டில் மரம் வெட்டப் போய் வாளி தூக்கிய நம் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்களா? இப்படிப்பட்ட ஆலைகளின் மலிவுத் துணிதான் கப்பல் கப்பலாக இந்தியாவில் இறங்கி, கைத்தறிக்காரர்களில் ஏராளமானோரின் வயிற்றில் அடித்தது.

பிறகு சென்னைப் பெரம்பூரிலேயே பக்கிங்காம், கர்னாடிக் என்று ஆலைகள் எழுந்தன. பி அண்ட் சி மில் என்றால் ஊரில் தெரியாதவர் இல்லை. அந்தத் தொழிலாளிகளுக்காக 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. திரு.வி.க. அதற்காக உழைத்தவர். அந்த மில்லும் 1996-இல் மூடிவிட்டது. கைத்தறியை இயந்திரம் தள்ளியது. அந்த இயந்திரத்தையும் காலம் தள்ளிவிட்டது. ஆனால் பாருங்கள், குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் கைலி நெசவு பிழைத்துக்கொண்டது!

இனி நம் வீட்டு விஷயம். அருங்காட்சியகம் என்பது யாரோ ஒருவர் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பதால் உண்டாவது. நம்மிடம் என்ன இருக்கிறது? ரஜுலா கப்பலில் தகரப்பெட்டிக்குள் வந்த கூறைச் சேலை இருக்கலாம். மரம் வெட்டப் போகையில் பாட்டி சேலைக்கு மேல் போட்ட, பால் கறை ஏறிக் கெட்டியான முழுக்கைச் சட்டை இருக்கலாம். ஐந்து பிள்ளைகளைத் தாலாட்டிய தூளிச் சேலை இருக்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்து அடுக்குமாடி வீட்டுக்குப் போன நாளில் இவற்றை எத்தனை பேர் குப்பையில் போட்டோம்! பட்டுச் சேலை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். பால் கறைச் சட்டைதான் பிழைக்காது. என்னைக் கேட்டால், அதுதான் முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள் போகவேண்டிய துணி.

கைவேலையும் அப்படித்தான். வாழை நாரில் பூத் தொடுப்பதும், தென்னங்குருத்தில் தோரணம் பின்னுவதும், ஈர்க்கு விளக்குமாறு கட்டுவதும், கிடுகு முடைவதும் நாரோடு செய்யும் கலைகள்தாம். மெங்குவாங் பாய் முடையும் கம்பத்துப் பெண்மணிக்கு அரசாங்கக் கைவினைச் சந்தையில் ஓர் இடம் உண்டு. நம் தோரணக்காரப் பெரியவருக்குக் கோயில் திருவிழாவில் ஒரு வேட்டி கிடைத்தால் பெரிது. போகும்போது பாட்டியையும் கையோடு அழைத்துப் போங்கள். பலகையில் எழுதியிருப்பதை நீங்கள் படித்துச் சொல்லுங்கள். முடிச்சை எப்படிப் போட்டார்கள் என்பதை அவர் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

திரும்புமுன் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தால் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவுக்கு நடந்து போங்கள். மஸ்ஜிட் ஜாமேக்கிலிருந்து பக்கம்தான். துணிக்கடைகளில் கைலி அடுக்கி வைத்திருப்பார்கள். விலை கேட்பதற்கு முன் ஒட்டுத்தாளைப் புரட்டி, எந்த ஊரில் நெய்தது என்று பாருங்கள். அச்சடித்த கட்டமா, நெய்த கட்டமா என்று தெரிய ஒரு வழி உண்டு: நெய்த துணியில் இரண்டு பக்கமும் வண்ணம் ஒரே அழுத்தமாக இருக்கும். அச்சுத்துணியின் பின்பக்கம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். மாலைப் பேருந்துக்குச் சீட்டைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். விடுமுறை நாளில் மூவார் வண்டி சீக்கிரம் நிறைந்துவிடும்.