அலிப்பூரில் ஸைபீரிய விருந்தாளி

மார்கழி பிறந்ததும் கல்கத்தாவாசிகளுக்கு அலிப்பூர் மிருகக்காட்சிசாலையின் நினைவு வந்துவிடும். நம்மவர் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு, குழந்தைகளுக்குக் குரங்குக் குல்லாய் மாட்டி (இந்த வங்காள வழக்கம் நம்மையும் பற்றிக்கொண்டது!), ஒரு ஞாயிறு காலை நாங்களும் புறப்பட்டோம். புலியைக் காண அன்று. ஏரிப் பறவைகளைக் காண.

1876 ஜனவரி 1-ஆம் நாள், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த தோட்டம் இது. இதன் ஏரியில் முன்பெல்லாம் குளிர்காலந்தோறும் ஆயிரக்கணக்கான தாராக்கள் வந்து அடையும். பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்த நாங்கள், “ஸைபீரியாவிலிருந்து வரும் பறவைகள்” என்று குழந்தைகளுக்கு ஆசை காட்டியிருந்தோம். ஏரியில் இருந்தவையோ சில நீர்க்காகங்களும் ஒரு கொக்குமே. இளையவன் முகத்தைப் பார்க்க எங்களுக்கு வெட்கமாயிருந்தது.

நாங்கள் சொன்னதும் பிழையே. வங்காளிகள் ‘சொராலி’ என்றழைக்கும் அந்தச் சீழ்க்கைத் தாரா இந்நாட்டுப் பறவை, ஸைபீரியாவைக் கண்டதேயில்லை. பகலெல்லாம் ஏரியில் உறங்கி, அந்தி சாய்ந்ததும் வயல்களுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் மேயப் பறந்துவிடும். 1960-களில் உப்பேரிச் சதுப்பைத் தூர்த்து நகரம் எழுப்பினார்கள். அலிப்பூரைச் சுற்றியும் மாடிக் கட்டடங்கள் உயர்ந்தன. உண்ண நிலமில்லாத ஊருக்கு உறங்க மட்டும் யார் வருவார்?

மனம் சோர்ந்து மரத்தடியில் இலையை விரித்தோம். அப்போது தலைக்குமேல், சாவி கொடுத்த பொம்மைபோல் ‘டிர்ர்’ என்றொரு ஒலி. முதலில் கண்டவன் இளையவன்தான். சிட்டுக்குருவியினும் சிறிய பழுப்புநிறப் பறவை. வாலை வெடுக்கென்று நிமிர்த்தும்போது அதன் இரு ஓரத்திலும் வெள்ளை பளிச்சிட்டது. தைகா ஈப்பிடிப்பான்! உண்மையான ஸைபீரியர் இவர்தாம். ஊசியிலை மரங்கள் அடர்ந்த அவ்வடகாடுகளில் கோடையில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, பனி மூடுமுன் புறப்பட்டு வங்கம் வந்து சேரும். எடை ஏறக்குறைய 10 கிராம். அதைக் காண ஒருவரும் சீட்டு வாங்குவதில்லை. அதுவும் எவரையும் பொருட்படுத்துவதில்லை.

தயிர்ச்சாதம் ஆறிக் கிடக்க, அரைமணி நேரம் அண்ணாந்தே நின்றோம். செல்ல விரும்பும் அன்பர்கள் பங்குனிக்குள் சென்று வருக. பின்னர் அது வடக்கே திரும்பிவிடும். வியாழக்கிழமை தோட்டத்திற்கு விடுமுறை.