செருப்பு வாருக்குள்ள ஒரு கணக்கு

தம்பி மக ப்ளஸ் டூல பயோ-மேக்ஸ்.
"காலேஜ்ல எதை விடட்டும் பெரியப்பா?"ன்னா.

கலவை பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தோம்.
அறுந்த தோல் செருப்பு வாரைக் காட்டினேன். ஓரத்துல நார் நாரா பிரிஞ்சிருந்துச்சு.

இது கொலாஜன்மா, தோல்ல இருக்கற புரதம். நம்ம ஆம்பூர், ராணிப்பேட்டைக்கே சோறு போடுறது.

1954-55ல சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதோட வடிவத்தைச் சொன்னாங்க. மூணு இழை, கயிறு மாதிரி.
ஆய்வுக்குக் கொலாஜன் கொடுத்தது பக்கத்துல இருந்த தோல் ஆராய்ச்சி நிலையம். கங்காரு வால் நாராம்!

அப்புறம் 1963ல, புரதம் எப்படியெல்லாம் மடங்கலாம்னு ரெண்டே கோணத்தை வச்சு ராமச்சந்திரன் குழு ஒரு வரைபடம் போட்டாங்க. இன்னைக்கும் உலகமே பயன்படுத்துது.

அவ வாரையே பார்த்துட்டிருந்தா.
"அப்ப ரெண்டும் வேணும்."

ரெண்டையும் சேர்த்துப் படிக்க எந்தக் காலேஜ் நல்லாருக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.